ஒரு பட்டாணி அளவு தசை

துறைமுகத்தில் அவரை எல்லாரும் ‘டன்னு’ என்றுதான் கூப்பிடுவார்கள். எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. “கிரேன் தூக்குற எடையில அண்ணனையும் சேர்த்துப் போடணும்” என்று கீழே நிற்பவர்கள் கிண்டலடித்தால், அவரும் வயிறு குலுங்கச் சிரிப்பார். இருபத்திரண்டு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறார். நாற்பது மீட்டர் உயரத்தில், காலடியில் கண்ணாடி பதித்த சின்ன அறை. கால்களுக்கு நடுவே தெரியும் கப்பலையும் லாரியையும் குனிந்து பார்த்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். அசைவது இரண்டு கைகள் மட்டும்தான்.

அது நடந்தது ஒரு நண்பகலில். கன்டெய்னரை லாரிமேல் இறக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று லாரியின் விளிம்பு கலங்கி, தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளிந்தது. கண்ணைச் சிமிட்டினார். தெளியவில்லை.

“நிறுத்துங்கண்ணே! நிறுத்துங்க!” என்று ரேடியோவில் அலறல்.

லாரி டிரைவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே பெட்டி நின்றது. டிரைவர் இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தார். அவ்வளவு உயரத்திலிருந்து முகம் தெரியவில்லை. “காத்து தள்ளிடுச்சு” என்றார் டன்னு ரேடியோவில். அன்று இலைகூட அசையவில்லை.

அவருக்குக் காரணம் தெரியும். தெரிந்ததால்தான் பயம். அவருடைய அண்ணனுக்கும் சர்க்கரை. முதலில் கால் கட்டைவிரலை எடுத்தார்கள். பிறகு பாதம், பிறகு முழங்கால்வரை. போன வருஷம் அண்ணனே போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து டன்னு காலையில் கண்விழித்ததும் முதல் வேலையாகக் கால் விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்துக்கொள்வார். ஆனால் டாக்டரிடம் மட்டும் போனதில்லை. போனால் தெரிந்துவிடுமே!

அந்த ஒரு சாண்தான் அவரை ஆஸ்பத்திரிக்குத் தள்ளியது. வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்று எழுபத்தாறு.

“என் உடம்புல இன்சுலினே சுரக்கலையா டாக்டர்?”

“சுரக்குது. ஒல்லியான ஆளுக்குச் சுரக்கறதைவிட மூணு மடங்கு” என்றார் அங்கிருந்த பெண் டாக்டர். “உங்க தசைதான் அதைக் காதுல வாங்க மாட்டேங்குது. சாப்பிட்டதும் ரத்தத்துல சேர்ற சர்க்கரையில பெரும்பங்கைத் தசைதான் உள்ளே எடுத்துக்கணும். எடுத்துக்கோன்னு சொல்றது இன்சுலின். சொல்லியும் தசை எடுக்கலைன்னா சர்க்கரை ரத்தத்துலயே நிக்கும். கண் மங்குனதுகூட அதனாலதான் இருக்கும்.”

டன்னு கொஞ்சம் யோசித்தார். “கீழே ஒருத்தர் கையைக் காட்டுறாரு. மேல இருக்கற கிரேன்காரன் பாக்கல. இன்னும் ரெண்டு பேர் வந்து சேர்ந்து கத்துறாங்க. அப்படியா?”

“அப்படியேதான். கத்திக் கத்திக் கடைசியில அவங்களுக்கும் தொண்டை கட்டிடும். அப்புறம் நிஜமாவே இன்சுலின் குறைஞ்சுபோகும்.”

மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, டாக்டர் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டார். தசை ஏன் இப்படிக் கேளாமல் போகிறது என்று அவர்கள் ஓர் ஆராய்ச்சி செய்கிறார்கள். விருப்பம் இருந்தால் சேரலாம். தொடையிலிருந்து துளித் தசை எடுக்க வேண்டும்.

“வெட்டியா?”

“மரத்துப்போக ஊசி போட்டுட்டு, கொஞ்சம் தடிச்ச ஊசியால எடுப்போம். ஒரு பட்டாணி அளவு.”

வெட்டு என்ற சொல் அவருடைய வாயிலிருந்தேதான் வந்தது. ஆனாலும் கை தானாகத் தொடையைப் பொத்திக்கொண்டது. அண்ணனுக்கும் கொஞ்சம்தான் என்று சொல்லித்தானே ஆரம்பித்தார்கள்! டாக்டர் கொடுத்த சம்மதத் தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவர் மனைவி தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிறவள். தாளைக் கண்டால் கண் தானாகப் படிக்கும். சட்டையைத் துவைக்க எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னங்க இது? உடம்புலேருந்து சதையை எடுக்கறதுக்குக் கையெழுத்தா? எத்தனை நாளா மறைக்கறீங்க?”

அவர் உட்கார்ந்தார். சர்க்கரையில் தொடங்கி, மறைத்த எல்லாவற்றையும் கொட்டினார். கடைசியாக அந்தப் பெட்டி டிரைவர் தலைக்குமேல் ஒரு சாணில் நின்றதையும் சொன்னார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தாளை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

“அந்த டிரைவர் வீட்டுல எத்தனை பேருங்க?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை டன்னு கிரேனுக்குப் போகவில்லை. நேராக ஃபோர்மேன் அறைக்குப் போனார். சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. ஃபோர்மேன் கதவைச் சாத்தினார்.

“நாலு மாசத்துல மெடிக்கல் செக்கப் வருது. அதுவரைக்கும் வாயை மூடிட்டு இருந்திருக்கலாமேய்யா! இப்ப நான் உன்னை இறக்கித்தானே ஆகணும்?”

“இறக்குங்க சார். அடுத்த தடவை அந்த ஒரு சாண் இருக்காது.”

அன்றைக்கே அவரைத் தரைக்கு மாற்றினார்கள். வரிசை வரிசையாக நிற்கும் கன்டெய்னர்களுக்கு நடுவே நடந்து, பூட்டும் முத்திரையும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. முதல் வாரம் கணுக்கால் வீங்கியது. தலைக்குமேல் தன் கிரேனை வேறொருவர் ஓட்டுவதை நிமிர்ந்து பார்க்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை. இனி நமக்கு அது இல்லை என்றே நினைத்துக்கொண்டார்.

ஆராய்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டதற்குத் துணிச்சல் காரணமல்ல. தெரியாமல் பயப்படுவதைவிடத் தெரிந்து பயப்படலாம் என்று தோன்றிவிட்டது, அவ்வளவுதான். சோதனையன்று மனைவி லீவு போட்டுக் கூடவே வந்தாள். ஒரு கையில் இன்சுலின் ஏறியது, மறு கையில் சர்க்கரைத் தண்ணீர். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை ஒரே அளவில் நிற்கும்படி தண்ணீரைக் கூட்டிக் குறைத்தார்கள். எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவைத் தசை வாங்குகிறது என்று அர்த்தம். பாதி நாள் அசையாமல் கிடந்தார். ஒவ்வொரு தடவை நர்ஸ் எண்ணைப் படித்தபோதும் டன்னு அந்த முகத்தையே பார்த்தார். நர்ஸ் முகத்தில் ஒன்றும் இல்லை.

தசை எடுத்தபோது வலி பெரிதாக இல்லை. உள்ளே யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. கண்ணை இறுக்க மூடி மனைவியின் விரல்களை நசுக்கிவிட்டார். “எனக்குத்தாங்க மரத்துப்போக ஊசி போட்டிருக்கணும்” என்றாள் அவள்.

முடிவு வந்தது. நோயில்லாத ஆளின் தசை மூன்று பங்கு வாங்கினால், இவருடையது ஒரு பங்குதான் வாங்கியது. தசைக்குள் இருக்கக் கூடாத இடத்தில் கொழுப்பு. டாக்டர் அதன் படத்தைக் காட்டினார்.

“இது திரும்புமா?”

“முழுசா திரும்பும்னு சொல்ல மாட்டேன். ஆனா தசை வேலை செய்யறப்ப, இன்சுலின் சொல்லாமலே சர்க்கரையை எடுத்துக்கும். அந்த வழி இன்னும் உங்களுக்குத் திறந்துதான் இருக்கு.”

பன்னிரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் சைக்கிள் மிதித்தார். நின்ற இடத்திலேயே நிற்கும் சைக்கிள். வாரத்துக்கு நாலு நாள், வேலை முடிந்ததும். எடை நாலு கிலோதான் குறைந்தது. மிஷின் காட்டிய எண்ணைப் பார்த்து அவருக்கு அழுகையே வந்துவிட்டது. நாலு கிலோவுக்கா இத்தனை பாடு? இரண்டாவது சோதனைக்கு முந்தின நாள் சோறே இறங்கவில்லை.

தசை இந்தத் தடவை ஒன்றரைப் பங்கு வாங்கியிருந்தது. “எடை அதிகம் குறையலைன்னாலும் தசை மாறியிருக்கு பாருங்க” என்றார் டாக்டர். “ஆனா விட்டீங்கன்னா கொஞ்ச நாள்லயே பழையபடி ஆயிடும். மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.”

மெடிக்கலில் கண் தெளிவாக இருந்தது, சர்க்கரையும் அடங்கியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சோதித்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு கிரேனைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஏறி உட்கார்ந்த முதல் நாள் ஒவ்வொரு பெட்டியையும் அங்குலம் அங்குலமாக இறக்கினார். அவர் ஒன்று இறக்குவதற்குள் மற்றவர்கள் இரண்டு இறக்கினார்கள்.

பயம் அத்தோடு ஓயவில்லை, இடம் மாறியது. நோய் வருவதற்குப் பல வருஷம் முன்பே, அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கும் ஒல்லியான பிள்ளைகளின் தசைகூட மந்தமாக இருக்கலாம் என்று டாக்டர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். டன்னுவின் மகளுக்கு இருபது வயது. குச்சிபோல் இருப்பாள்.

“என்னைப் பாத்தா சர்க்கரைக்காரி மாதிரியா இருக்குப்பா?” என்று சிரித்தாள்.

“எனக்காக ஒரு தடவை வாம்மா.”

வந்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. இன்சுலின் மட்டும் இருக்க வேண்டியதைவிடச் சற்று அதிகம். டாக்டர் சீட்டைப் பார்த்து, “பயப்பட ஒண்ணுமில்ல. நேரம் நிறைய இருக்கு” என்றார். மகள் சிரிக்கவில்லை. சீட்டை வாங்கித் தானே ஒருமுறை படித்தாள். பிறகு, “நீங்க மிதிச்ச சைக்கிள் எத்தனை மணி வரைக்கும் இருக்கும்ப்பா?” என்று கேட்டாள்.