பத்து நம்பர்களைத் தாண்டிப் போன ஜாப்

1. சூப்பர்வைசர் வந்த கதை

நான் முதன்முதலில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்ற ஒன்றைப் பார்த்தது எழுபதுகளில், மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். சென்டர் பெயர் வேண்டாம். அதற்கு முன் அங்கிருந்த பழைய மெஷினில் அப்படி எதுவும் கிடையாது. ஒரு வேலை முடிந்தால் மெஷின் சும்மா நிற்கும். ஆப்பரேட்டர் எழுந்து போய் அடுத்த கார்டுக் கட்டை வைத்து, டேப்பை மாட்டி, பொத்தானை அமுக்க வேண்டும். டேப்பில் படிக்க முடியாத இடம் வந்தால் அப்படியே நின்றுவிடும். என்ன ஏது என்று பார்த்துச் சரிசெய்யாமல் அசையாது. அந்த மெஷினை நாங்கள் திட்டாத நாள் இல்லை.

புது மெஷினோடு ஆப்பரேட்டிங் சிஸ்டமும் வந்தது. நாங்கள் அதைச் சூப்பர்வைசர் என்போம். ஜாப்களை, அதாவது செய்ய வேண்டிய வேலைகளை, வரிசையாகக் கொடுத்துவிட்டால் போதும், ஒன்று முடிந்ததும் அடுத்ததை அதுவே எடுத்துக்கொள்ளும். நடப்பதையெல்லாம் கன்சோல் டைப்ரைட்டரில் வரிவரியாக அடித்துக்கொண்டிருக்கும். கடைசியில் ஒரு எண்ட் கோடு, முடிவைச் சொல்லும் எண். ஜீரோ என்றால் ஜாப் முடிந்தது, அடுத்ததைப் பார்க்கலாம். மெஷின் நேரத்துக்கு அன்று அவ்வளவு மதிப்பு. டேப்பில் கெட்டுப்போன ஒரு பிளாக்குக்காக, அதாவது ஒரு சிறு பகுதிக்காக, முழு ஜாப்பும் நிற்கக் கூடாது என்று, 'படிக்க முடியாவிட்டால் தாண்டிப் போ' என்று புரோகிராமிலேயே எழுதிவைக்கவும் வழி இருந்தது. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் இந்த மெஷின் புராணம்தான் பாடுவேன்.

2. கையெழுத்து

எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் ஜாப் எங்களுக்கு வந்தது. பாஸானவர்களின் நம்பர்களை மட்டும் பிரிண்ட் எடுத்து பிரஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டும். பேப்பரில் நம்பர் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில். அவ்வளவுதான் கணக்கு.

அன்று பகல் ஷிஃப்டில் கன்சோலில் இருந்தது நான். நடுவில் டைப்ரைட்டர் ஒரு வரி அடித்தது: டேப்பில் ஒரு பிளாக் படிக்க முடியவில்லை, தாண்டியாயிற்று. ஒரு பிளாக்கில் பத்து ரெக்கார்டுகள். அதாவது பத்துப் பிள்ளைகள். அதற்குக் கீழேயும் வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. முடிவில் எண்ட் கோடு ஜீரோ.

ஷிஃப்ட் இன்சார்ஜ் ராகவனிடம் போய்ச் சொன்னேன்.

"சார், நடுவுல ஒரு பிளாக் ஸ்கிப் ஆயிருக்குதுங்க."

"கோடு என்ன வந்துது?"

"ஜீரோதான் சார்."

"அப்புறம் என்னய்யா? பிரஸ்காரன் வாசல்ல நிக்கிறான். கையெழுத்துப் போட்டு அனுப்பு."

போட்டேன். அவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. டேப்பில் எத்தனை ரெக்கார்டு, படித்தது எத்தனை என்று ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நான் பார்க்கவில்லை.

3. மரக்காணத்தில் ஒரு கேள்வி

அந்த வருடம் என் தங்கை நசீமாவும் பரீட்சை எழுதியிருந்தாள். திண்டிவனத்தில் மாமி வீட்டில் தங்கிப் படித்தவள். எங்கள் அத்தா மரக்காணம் உப்பளங்களுக்குச் சாக்கு சப்ளை செய்துகொண்டிருந்தார். பாஸானால் டீச்சர் டிரெய்னிங், இல்லாவிட்டால் கோட்டக்குப்பத்திலிருந்து கேட்டு வந்த மாப்பிள்ளைக்கு நிக்காஹ் என்று அவளிடம் முன்பே சொல்லியிருந்தார். சொந்தக்காரர் நம்பரைத் தேடுவது தப்பு என்று நான் சென்டரில் அவள் நம்பரைப் பார்க்கவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

ரிசல்ட் அன்று லீவு போட்டு ஊருக்கு வந்தேன். பேப்பரில் அவள் நம்பர் இல்லை.

"நான் பாஸ்தாண்ணே. கணக்குல ஒண்ணுகூட விடல. அல்லா மேல ஆணையா சொல்றேன். உங்க ஆபீஸ்ல ஒருவாட்டி போய்ப் பாரேன்" என்றாள்.

அத்தா என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏம்பா, அந்த மெஷினு தப்பு பண்ணுமா?"

"பண்ணாதுத்தா. எல்லாம் சரியா முடிஞ்சிதுன்னு நான்தான் கையெழுத்தே போட்டேன்."

அந்த பிளாக் அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது. இத்தனை ஆயிரம் பிள்ளைகளில் அந்தப் பத்துப் பேருக்குள்ளா நம்ம நசீமா இருக்கப்போகிறாள் என்று தள்ளிவிட்டேன். அத்தாவுக்கு முன்னால் என் மெஷினை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை என்பதுதான் நிஜம். பதினைந்தாம் நாள் நிக்காஹ் நடந்தது.

அடுத்த மாதம் அவள் பள்ளித் தலைமையாசிரியை எழுதிய கடிதம் எங்கள் சென்டருக்கு வந்தது. வரிசையாகப் பத்து நம்பர்களுக்கு மார்க்‌ஷீட்டே வரவில்லை, அதில் வகுப்பின் முதல் மாணவியும் ஒருத்தி என்று எழுதியிருந்தார். பழைய கன்சோல் பேப்பரை எடுத்து விரித்தேன். அந்த வரி இருந்தது. பேப்பரின் அடியில் என் கையெழுத்தும் இருந்தது. டேப்புக்கு மூலமான கார்டுகளிலிருந்து அந்தப் பத்து ரெக்கார்டுகளையும் மறுபடி ஓட்டினோம். எட்டுப் பேர் பாஸ். நசீமாவுக்குக் கணக்கில் தொண்ணூற்று நாலு.

பள்ளிக்கு நானே போய் மார்க்‌ஷீட்டை வாங்கிக்கொண்டு கோட்டக்குப்பம் போனேன். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஒவ்வொரு பாடமாகப் படித்தாள்.

"மெஷினு தப்பு பண்ணிடுச்சாண்ணே?"

"இல்லம்மா. ஒரு பிளாக் விட்டுப்போச்சுன்னு அது சொல்லுச்சு. நான்தான் கண்டுக்கல."

"நானுந்தானே சொன்னேன்" என்றாள்.

மார்க்‌ஷீட்டை மடித்துத் துணிப் பெட்டியின் அடியில் வைத்தாள். "அத்தாகிட்ட சொல்லிடாத. அவசரப்பட்டுட்டோமேன்னு ஒடிஞ்சி போயிடுவாரு."

எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். லாகை, அதாவது மெஷின் அடித்துத் தரும் வரிகளை, முழுசாகப் படியுங்கள். எண்ட் கோடு ஜீரோ என்றால் ஜாப் முடிந்தது என்று மட்டுமே அர்த்தம். யாராவது வந்து என் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்றால், சிஸ்டத்துக்கு வக்காலத்து வாங்காமல் முதலில் எழுந்து போய்ப் பாருங்கள்.

அத்தா மவுத்தாகும் வரைக்கும் தன் மகள் ஃபெயில் என்றே நம்பியிருந்தார். ரிட்டயராகி ஊரோடு வந்த பிறகு, மாதம் ஒருமுறையாவது நசீமாவைப் பார்க்கப் போகிறேன். சோறு போடுகிறாள், பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறாள். நான் இன்னும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.