பக்கத்துச் சீட்டின் உயரம்

வண்டிக்கு ஸ்பிரிங் மாட்டிப் பிழைக்கும் எங்கள் தொழிலில் வாடிக்கையாளரின் வாயை நம்பக் கூடாது, வண்டியின் வயிற்றைத்தான் நம்ப வேண்டும். சிங்கப்பூரில் பூன் லே பக்கம் சின்னதாக ஒரு வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். லாரி, பிக்கப், வேன் என்று சுமை தூக்கும் வண்டிகள்தான் வரும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக ஜீவன்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. "நம்ம கதைதான்" என்று தலையாட்டிக்கொண்டே படிக்கலாம்.

எவ்வளவு ஏற்றுவீர்கள்?

வண்டியைத் தூக்கிப் பெரிய டயர் போட வேண்டும் என்று யார் வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்போம். சுமை தெரிந்தால்தான் எத்தனை பட்டை ஸ்பிரிங் வைப்பது என்று சொல்ல முடியும். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "அதிகம் ஒண்ணும் இல்லண்ணே." சர்க்கரை நோயாளி டாக்டரிடம் சொல்வதும் இதேதான்.

பழனியும் அப்படித்தான் சொன்னார். கேட், கிரில் வேலைகளை எடுத்துச் செய்பவர். அவருடைய பிக்கப்பின் பின்னால் ஜெனரேட்டர், வெல்டிங் செட், கேஸ் சிலிண்டர்கள், இரும்புக் குழாய்கள் என்று ஒரு பட்டறையே இருந்தது. பின்பக்கம் உட்கார்ந்துபோய், மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது வண்டி. கூட வந்தவர் இஸ்மாயில் பாய், பழனியைவிட நன்றாக மூத்தவர். இருவரும் பல வருடக் கூட்டாளிகள். அளவெடுப்பது பழனி, பற்றவைப்பது பாய். ஓட்டுவது பழனி, பக்கத்துச் சீட்டு பாய்க்கு.

பாய் தேத்தண்ணி வாங்கப் போன நேரத்தில் பழனி குரலைத் தாழ்த்தினார். தீவின் கிழக்கே சாங்கிப் பக்கம் எடுத்திருக்கும் சைட்டில் ஒரே சேறாம். வண்டி அடிதட்டி நிற்கும்போதெல்லாம் பாய்தான் முழங்கால் வலியோடு இறங்கித் தள்ளுகிறாராம். பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் உங்களுக்காகத்தான் என்று பாயிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் பெரிய டயர் மேல் ஆசை என்று சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

பாய் பையில் கட்டிய தேத்தண்ணியோடு வந்தார். சாமானை இறக்கிவிட்டு ஒரு முறை, ஏற்றி ஒரு முறை அளவெடுப்பது எங்கள் வழக்கம் என்று சொல்லிப் பார்த்தேன். பழனி கேட்கவில்லை. "இறக்கி ஏத்தினா அரை நாள் போயிடும்ணே. இந்தச் சாமானு வண்டிய விட்டு எறங்கறதே இல்ல, கூடப் பொறந்தது லா!"

பாய் அடித்த படி

சட்டம் விடுகிற அளவுக்குள்தான் தூக்கினோம், அனுமதியும் முறையாக வாங்கினோம். ஆனாலும் வேலை முடிந்து நின்றபோது பிக்கப் ஆளே மாறியிருந்தது. பழனி சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார். பாய் இடப்பக்கக் கதவைத் திறந்து சீட்டைப் பார்த்தார். கதவோரத்தைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார். முழங்கால் மறுத்துவிட்டது. இன்னொரு முறை முயன்றார். பிறகு சிரித்துக்கொண்டே, தேக்கா மார்க்கெட்டில் ஒரு வேலை இருக்கிறது, பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார். அப்படி ஒரு வேலையும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். கதவுக்குக் கீழே ஒரு படி வேண்டும். என்னிடம் வேலை பார்க்கும் செல்வா வெல்டிங் கண்ணாடியைக் கையில் எடுத்தான். பாய் அதை வாங்கித் தானே மாட்டிக்கொண்டார். ஏற்றிய சாமானோடு வண்டி நிற்க, தன் காலுக்குச் சௌகரியமான உயரத்தைச் சாக்பீஸால் குறித்து, படியைப் பற்றவைத்தார். அவ்வளவு நேர்த்தியான வெல்டிங் என் வொர்க்‌ஷாப்பில் அதற்கு முன் விழுந்ததில்லை. எழுந்து நின்று முதுகை நிமிர்த்திக்கொண்டே சொன்னார்: "இத்தன வருசமா ஊருக்கெல்லாம் கேட் அடிச்சேன். இப்ப எனக்கே ஒரு வாசப்படி அடிச்சுக்கிறேன்."

ஆறிய தோசை

வெள்ளிக்கிழமைகளில் அவர்களுக்கு ஒரு வழக்கம். பாய் தொழுகைக்குப் போய்விட்டு வரும்வரை பழனி தேக்கா சாப்பாட்டுக் கடையில் மேசை பிடித்துக் காத்திருப்பார். பழனிக்கு வெள்ளிக்கிழமை சைவம், அதனால் தோசை. பாய்க்குப் பிரியாணி. வாரம் முழுவதும் வேலையைப் பற்றிச் சண்டை போடுபவர்கள் அந்த மேசையில் மட்டும் வேலையைப் பற்றிப் பேசமாட்டார்களாம்.

படி அடித்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, அடுக்குமாடிக் கார்ப்பார்க்கின் வாசலில் உயரம் காட்டத் தொங்கும் கம்பி, பிக்கப்பின் மேல் குழாய் வைக்கும் இரும்புச் சட்டத்தில் 'டங்' என்று அடித்தது. பின்னால் நின்ற கார்கள் எல்லாம் ஹார்ன் அடிக்க, வேர்த்து விறுவிறுத்து ரிவர்ஸ் எடுத்தார் பழனி. திறந்தவெளியில் இடம் கிடைத்தது வெகுதூரத்தில். அங்கிருந்து பாயால் நடக்க முடியவில்லை. அதன்பிறகு பாயை ரோட்டோரம் இறக்கிவிட்டு, பழனி வண்டியிலேயே காத்திருக்க ஆரம்பித்தார்.

சட்டத்தில் விழுந்த கீறலைக் காட்ட வந்தபோது இதைச் சொன்னார். சட்டத்தைக் கொஞ்சம் வெட்டித் தரட்டுமா என்றேன். குழாய்களை எங்கே வைப்பது என்று கேட்டார். "பாய் தனியா சாப்பிட்டுட்டு எனக்குப் பொட்டலமா தப்பாவ் பண்ணிக் கொண்டாந்து தர்றாருண்ணே. ஆறிப்போன தோசைய ஸ்டியரிங் மேல வச்சுச் சாப்பிடுறேன்."

காலி வண்டி

சாங்கி சைட்டில் வேலை நீண்டது. தினமும் சுமப்பானேன் என்று ஜெனரேட்டர், சிலிண்டர் எல்லாவற்றையும் அங்கேயே ஸ்டோரில் பூட்டி வைத்தார்கள். கூடப் பிறந்த சாமான் முதல்முறையாக வண்டியை விட்டு இறங்கியது. தொழிலில் இருப்பவர்களுக்கு அடுத்தது என்ன என்று சொல்லவே வேண்டாம். சுமைக்கென்று போட்ட பட்டைகள் நிமிர்ந்துகொண்டு வண்டியை இன்னும் மேலே தூக்கிவிட்டன. பாய் அடித்த படியும் அதோடு சேர்ந்து மேலே போய்விட்டது.

பாய் பழக்கத்தில் கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு காலைத் தூக்கினார். படி அங்கே இல்லை. காலின் முன்புறம் இரும்பில் உரசிக் கிழிந்து, வலிக்கிற முழங்கால் தரையில் மோதியது. எலும்பு முறியவில்லை. சில நாள் ஓய்வுக்குப் பிறகு, "நான் பஸ்ஸுல வந்துடுறேன் தம்பி" என்று மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிவரை தனியாகப் போய்வந்தார். பிறகு அதுவும் நின்றது.

பழனி என் கடைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தார். சேற்றில் எப்படிப் போகிறது என்று கேட்டுத் தொலைத்தேன். "பாய் போனே எடுக்க மாட்டேங்குறாருண்ணே. வண்டி இப்ப எந்தச் சேத்துலயும் மாட்டறதே இல்ல, அதான் எனக்கு வயித்தெரிச்சல்."

இறக்கித் தாருங்கள்

தூக்கச் சொல்லி வருபவர்கள் உண்டு, இறக்கச் சொல்லி வந்தவர் பழனி ஒருவர்தான். பழைய டயர் அளவுக்கே போனோம். அதிகப் பட்டைகளை உருவினோம். இந்த முறை சாமானோடும் அளவெடுத்தோம், சாமான் இல்லாமலும் அளவெடுத்தோம். படியை அறுக்கட்டுமா என்று செல்வா கேட்டான். வேண்டாம் என்று பழனி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

வண்டியை எடுக்க வந்தபோது பாயை எப்படியோ டாக்சியில் கூட்டி வந்திருந்தார். பாய் கதவைத் திறந்தார், படியைத் தொடாமலேயே ஏறி உட்கார்ந்தார், டேஷ்போர்டைத் தடவினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நாளைக்குக் காலையில வந்து ஏத்திக்கட்டுமா பாய்?" என்றார் பழனி. பாய் இல்லை என்று தலையை ஆட்டினார். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹார்ட்வேர் கடையில் சேர்ந்துவிட்டாராம். உட்கார்ந்து பார்க்கும் வேலை. வாக்குக் கொடுத்தாயிற்று.

"நீ என்னைய வேணாம்னு வாயால சொல்ல முடியாமத்தான் வண்டியத் தூக்கிட்டேன்னு நெனச்சேன் தம்பி" என்றார் பாய், கோபமே இல்லாமல்.

பொறுக்கமாட்டாமல் நான்தான் சொன்னேன்: சேறு, நீங்கள் தள்ளியது, அவர் சகிக்காமல் என்னிடம் வந்தது, எல்லாவற்றையும். பாய் பழனியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக இறங்கி, கதவைச் சாத்தி, அதன்மேல் கையை வைத்தபடி நின்றார். "அத அன்னைக்கே சொல்லியிருந்தா, ஏணி வச்சாவது ஏறியிருப்பேனே தம்பி."

இப்போதெல்லாம் வண்டியைத் தூக்கும் முன் பக்கத்துச் சீட்டில் யார் வருவார் என்றும் கேட்டுவிடுகிறேன், அதற்கும் "அப்படி யாரும் பெருசா இல்லண்ணே" என்றுதான் பதில் வருகிறது.