வெட்கத்தோடு வரச் சொன்ன மிஸ்

கடைச் சுவரில் புதிதாக ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எழுபது வயதுக்கு மேல், கோயில் மண்டபத்து மாலை வகுப்பில் எழுத்துப் படித்தவன் நான். சுவரில் எதைக் கண்டாலும் நின்று வாசிக்காமல் போக மாட்டேன். அன்றும் எழுத்தெழுத்தாகச் சத்தமாகக் கூட்டி, "பாக்கியம்!" என்று முடித்துவிட்டு, பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அது மரண அறிவித்தல். நம் தேயிலைத் தோட்டத்தில் பிரசவம் பார்த்த மருத்துவமாது பாக்கியம் மிஸ் போய்விட்டார். அந்தச் சிரிப்பை எங்கே ஒளிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பலரை முதலில் கையில் ஏந்தியவர் அவர்தான். நான் மெதுவாக எழுதுகிறவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மருமகள் செல்வி முதல் பிள்ளையைச் சுமந்தபோது, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில்தான் கிளினிக் நடக்கும். கொழுந்து நிறுக்கும்போது கூப்பிடுவதைப் போல, மிஸ் ஒவ்வொருத்தியின் நிறையையும் சத்தமாகச் சொல்லுவார். உதவிக்கு இருப்பவள் எழுதிக்கொள்வாள். செல்வி கொஞ்சம் பருத்த பெண். அவள் ஏறியதும் வரிசையில் இருந்து ஒருத்தி, "மிஸ், இதுக்குத் தராசு பத்தாது, லொறிய வரச் சொல்லுங்க!" என்றாள். மடுவமே சிரித்ததாம். மிஸ்ஸும் சிரித்தாராம். "தேத்தண்ணிக்கு சீனி போடுவியா?" என்று அவர் கேட்க, "இல்ல மிஸ்" என்று சொல்லி இறங்கிவிட்டாள் செல்வி. பிறகு அவள் கிளினிக் பக்கமே போகவில்லை. இரத்தம் பார்க்கக் கூப்பிட்ட நாளிலும் தலைவலி என்று படுத்துக்கொண்டாள்.

சில வாரம் கழித்து மிஸ் மலையேறி எங்கள் லயத்து வீட்டுக்கே வந்தார். "எங்க அண்ணே என் பிள்ளத்தாச்சி?" என்றார். செல்வி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கோ மிஸ் வீடு தேடி வந்த சந்தோஷம். வெறுந்தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அவர் உள்ளங்கையில் சீனியைக் குவித்தேன். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கோப்பையில் சீனி போட மாட்டோம். கையில் வைத்து நக்கிக்கொண்டு, ஒரு மிடறு குடிப்போம்.

மிஸ் குடிக்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மருமகளுக்கும் இப்பிடித்தானா?"

"அவளுக்கு ரெண்டு கை மிஸ். ரெட்ட உசிரு இல்லையா? காலையில, பத்து மணிக்கு, அந்திக்கு, எல்லாம் நாந்தான் குடுக்கிறேன்."

"அய்யோ! கோப்பையக் கேட்டேனே, கையக் கேக்கலையே" என்றார். பிறகு மூடிய கதவருகே போய் நின்றார். "செல்வி, அன்னைக்கு நான் சிரிச்சது தப்பு. மன்னிச்சுக்க. கதவத் தொறம்மா."

கதவு திறக்க நேரமாயிற்று. மிஸ் அங்கேயே நின்றார்.

மிஸ் கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்ததும் செல்வியை அன்றே வார்டில் மறித்துக்கொண்டார்கள். சீனி மிக ஏறியிருந்தது. ஊசி போட்டுக் குறைத்தார்கள். கடைசியில், பிள்ளை மிகப் பெரிது, தோள் சிக்கிக்கொள்ளலாம் என்று ஆபரேசன் செய்து எடுத்தார்கள். பேரனைக் கண்ணாடி வழியே பார்த்து, "ராஜா மாதிரி! என் வளப்பு எப்பிடி மிஸ்?" என்று கேட்டேன்.

"அது ஊட்டம் இல்ல அண்ணே. தாயோட சீனி பிள்ளைக்கும் போயி ஊதியிருக்கு. இப்ப கொடி அறுத்ததும் பிள்ளைக்கு சீனி சட்டுன்னு எறங்கிருச்சு. அதான் குதிகால்ல குத்திக் குத்திப் பாக்குறாங்க."

பிள்ளையின் கை நடுங்குவதை அப்போதுதான் கண்டேன். பெருமை பேசிய வாயை மூடிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். செல்வி முகத்தில் எப்படி விழிப்பது? மிஸ் பின்னாலேயே வந்தார்.

"வெக்கமா இருக்கா?"

"ஆமா மிஸ்."

"எனக்கும்தான். வெக்கத்தோட வாங்க அண்ணே, ஆனா வாங்க. அவ வெக்கப்பட்டு வராம இருந்ததாலதான் இவ்வளவும்."

இருவரும் சேர்ந்தே உள்ளே போனோம். சில நாளில் பேரன் தேறினான். இப்போது லயத்துக் கோழிகளை எல்லாம் துரத்துகிறான். அதன் பிறகு மிஸ் ஓய்வு பெறும்வரை யாருடைய நிறையையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தானே எழுதிக்கொள்வார். "கையில எவ்வளவு?" என்று எல்லாரையும் கேட்பார். "ரெட்ட உசிருக்கு ரெட்டச் சோறு இல்லடி, ரெட்டக் கவனம்" என்பார்.

அவர் படுக்கையில் கிடந்த மாதங்களில் நான் போய்ப் பார்க்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றிருந்தேன். அதனால் இழவு வீட்டுக்குள் போகவும் கால் வரவில்லை. ஆனாலும் போனேன்.

செல்வி மறுபடி முழுகாமல் இருக்கிறாள். ஒருமுறை சீனி வந்தவளுக்குத் திரும்பவும் வரலாம் என்று மிஸ் அன்றே சொல்லியிருந்தார். "கிளினிக்குக்குப் போக வெக்கமா இருக்கு மாமா, மறுபடி குண்டாயிட்டேன்" என்றாள். "நானும் வாரேன் வா" என்றேன். நேற்று அங்கே அவள் சீனி பார்க்கக் கொடுத்த இனிப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, மறுபடி இரத்தம் எடுக்கக் காத்திருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். அத்தனை வயிற்றுப்பிள்ளைக்காரிகளுக்கு நடுவில் கிழவன் நான் ஒருவன்தான். "தாத்தாவுக்கு எத்தனாம் மாசம்?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், செல்வியும்தான். எனக்குக் காது சுட்டது. எழுந்து போகவில்லை. மிஸ்ஸிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான்.