நிற்காத ஆளுக்கு ஒரு கோட்டு

ஜெராக்ஸ் கடையில் மெஷினை ஓட்டும் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் கொக்கு என்று பேர். ஆள் ஒல்லி என்பதால் இல்லை. டேப்லெட்டில் அவள் உடுப்பு டிசைன் வரைந்தால், அதைப் போட்டிருக்கும் ஆட்களுக்கு இடுப்புக்குக் கீழே கால் போய்க்கொண்டே இருக்கும். இவர்கள் பஸ்ஸில் உட்கார்ந்தால் முட்டி டிரைவர் மடியில் இருக்கும் என்று சொல்லி, அண்ணன்தான் அந்தப் பேரை வைத்தான்.

சொல்லிக்கொடுக்க ஆளில்லை. புதுசாக வரைபவர்கள் செய்யும் தப்பில் ஒன்றைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. கோடும் நிறமும் ஒரே லேயரில், ஒரே அடுக்கில் போடுவாள். நிறத்தை அழிக்கப் போனால் கோடும் கூடவே கிளம்பிவிடும். பூப்போட்ட துணியைப் படமெடுத்து அப்படியே ஒட்டுவாள். பாவாடை மடங்கும், பூ மட்டும் சுவரொட்டி மாதிரி விறைத்து நிற்கும். திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருத்தினாள். கால்கூடக் கொஞ்சம் குட்டையானது.

அண்ணன் சக்கர நாற்காலியில் இருப்பவன். கீபோர்டு வாசிப்பான், இதுவரை வீட்டுச் சுவர்களுக்கு மட்டும். இப்போது அரங்கத்தில் வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அவனுக்கு ஒரே ஒரு பயம். எந்தச் சட்டை போட்டாலும் காலர் கழுத்தில் ஏறும், வயிற்றில் துணி மூட்டை கட்டும், ஒரு கை அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருக்கும். மேடையில் இரண்டு கையும் கட்டைகளின் மேல் இருக்க வேண்டுமே. பேசாமல் வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்று அம்மாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டான். அது கொக்கின் காதில் விழுந்தது.

உட்கார்ந்து அவனுக்காக ஒரு கருநீலக் கோட்டு வரைந்தாள். லேயரெல்லாம் ஒழுங்கு, மடிப்பெல்லாம் ஒழுங்கு. அண்ணன் டேப்லெட்டை வாங்கி நிதானமாகப் பார்த்தான்.

"நல்லா இருக்கு. யாரு இந்த ஆளு?"

"நீதாண்ணா."

"அப்படியா? நான் எப்ப எழுந்திரிச்சேன்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவளுக்குத்தான் முகம் செத்துவிட்டது. இணையத்தில் கிடைத்த உருவம் நின்றுகொண்டிருந்தது, அதன் மேல் கோட்டை மாட்டிவிட்டாள். அவள் வரைந்த கூட்டத்தில் ஒரு ஆள்கூட இதுவரை உட்கார்ந்ததில்லை.

மறுநாள் அவனைக் கீபோர்டு முன்னால் வாசிக்கவிட்டு, பக்கவாட்டில் உட்கார்ந்து, அடி லேயரில் அவன் உடம்பை மட்டும் வரையத் தொடங்கினாள். கோடு பாதியில் நின்றது. பிறந்ததிலிருந்து கூட இருக்கிறாள். இதைப் பார்த்ததே இல்லை. கை முன்னால் போகப் போக முதுகு முழுதும் விரிந்தது, ஒரு பெரிய கதவு திறக்கிற மாதிரி. வயிற்றுப் பக்கம் சுருங்கியது. தோள் அலையாக எழும்பி இறங்கியது. அசையாமல் இருக்கிறான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்த ஆள், இவ்வளவு அசைகிறான்.

அந்த உடம்பின் மேல் புதிதாகக் கோட்டு வந்தது. முன்பக்கம் குட்டை, முதுகில் அகலம், கை நீளம், பின்பக்கம் இருக்கையோடு நின்றுவிடும். படத்தைப் பார்த்த தையல்காரர், தூக்கக் கலக்கத்தில் வரைந்தாயா என்று கேட்டுவிட்டுத்தான் துணியை வெட்டினார். தைத்து வந்ததை ஆணியில் மாட்டினால், முன்பக்கத்தை ஆடு மேய்ந்த மாதிரி இருந்தது. அம்மா போகும்போதும் வரும்போதும் அதையே பார்த்தாள். அண்ணன் மட்டும், ஆட்டுக்கு நல்ல ரசனை என்றான். போட்டுப் பார்க்கச் சொன்னதற்கு, மேடையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நழுவிவிட்டான்.

அரங்கத்தில் விளக்கு அவன் மேல் விழுந்தது. ஆணியில் கோணிக்கொண்டு தொங்கிய அதே கோட்டு, குடத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அவன் மேல் அமைந்திருந்தது. பக்கத்தில் அம்மா மூச்சை இழுத்தது கேட்டது. கடைசி வரிசையிலிருந்து கொக்கு அவன் கையையே பார்த்தாள், எப்போது காலருக்குப் போகும் என்று. முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதின் நடுவில் இடது கை எழும்பியது. கை, முன்னால் இருந்த பாட்டுத் தாளைப் புரட்டிவிட்டுக் கட்டைக்கே திரும்பியது.

அப்புறம்தான் பாட்டு அவள் காதில் விழுந்தது.