ஏறாத ஊசி

நாறும்பூநாதனுக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. அவர் ஓட்டுகிற வண்டி புளியறை மேட்டில் கொதித்து நின்றதில்லை. பிறத்தியார் பொருளை அவர் தொட்டதில்லை. 1962 சாரல் பருவத்தில் இரண்டும் ஒரே காருக்குள் வந்து மோதிக்கொண்டன.

தென்காசியில் மீரான் பாய் மோட்டார் பட்டறைக்கு எதிரே எனக்குச் சோடாக் கடை. நாறும்பூநாதன் பக்கத்து வீடு; நடுவில் ஒரே சுவர். செங்கோட்டை லாரியில் கிளீனராக ஏறி, திட்டும் உதையும் வாங்கி, ஸ்டியரிங்கைப் பிடித்த மனிதர். வண்டியைத் தவிர வேறு பேச்சு வராது. புருஷன் பொண்டாட்டி சண்டையில்கூட, "ஏளா பிச்சம்மா, கியரை மாத்து" என்றுதான் சமாதானம் பேசுவார்.

அவருடைய முதலாளி வல்லிநாயகத்துக்கு ஆரியங்காவுக்கு அப்பால் ஏலக்காய்த் தோட்டம், குற்றாலத்தில் பங்களா. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் மெட்ராஸில் ஜெர்மன் கார் ஒன்றை வாங்கி வந்தார். அதில் கார்புரேட்டர் கிடையாது. ஒரு பம்பு பெட்ரோலை அளந்து அளந்து என்ஜினுக்குள் பீய்ச்சும். "இதுல எவனும் ஸ்பேனர் வைக்கப்படாது" என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். பார்க்க வந்தவர்களிடம் தானே செய்த கார் மாதிரி பெருமை அடித்துக்கொண்டது வேறு விஷயம்.

சாரல் பிடித்ததும் அந்தக் கார் பெட்ரோலைக் குடிக்க ஆரம்பித்தது. பின்னால் கறுப்பாகப் புகை விட்டது. பின்சீட்டில் முன்னால் பார்த்து உட்காருகிறவருக்குப் புகை எப்படித் தெரியும்? டாங்கி காலியாவதுதான் தெரிந்தது.

ஒரு நாள் காலையில் டாங்கி மூடியில் பூட்டு தொங்கியது. சாவி முதலாளியின் இடுப்பில்.

"காலம் கெட்டுக் கெடக்குல்லா நாறும்பு, அதான்" என்றார் அவர்.

திருடன் என்று சொல்லியிருந்தால், இல்லை என்று இவரும் சொல்லியிருப்பார். சொல்லாத பழிக்கு என்ன பதில் சொல்வது? பூட்டுத் தொங்குகிற காரை ஊருக்குள் ஓட்டி வரும்போது அவர் தலையைக் குனிந்தபடியே வந்தார். பூட்டுப் போட்டும் பெட்ரோல் நிற்கவில்லை. அடியில் குழாயைக் கழற்றி எடுக்கிறான் என்று கார் ஸ்டாண்டில் பேசினார்கள். ஆற்றில் குளிக்கப் போன பிச்சம்மாள் காதிலும் அது விழுந்தது. அப்புறம் அவள் அவருடைய சட்டையைத் துவைக்குமுன் முகர்ந்து பார்க்கிறதை நான் கண்டேன். பெட்ரோல் வாடை அடிக்காத டிரைவர் சட்டை உலகத்தில் எங்கே இருக்கிறது?

கடைசியில் முதலாளி வாயைத் திறந்தார். "மீரான் பட்டறையில காட்டு. வண்டியில கோளாறு இல்லேன்னு அவன் சொன்னா, நீ இனி வரவேண்டாம்."

மீரான் பாய் பிளக்குகளைக் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தார். எல்லாம் அடுப்புக்கரி மாதிரி இருந்தன.

"பெட்ரோல் கூட, காத்து கம்மி. களவு போன பெட்ரோலு இந்தா கரியா இருக்கு, பாரும்வே" என்றார்.

நாறும்பூநாதன் முகத்தில் உயிர் வந்தது. மீரான் பம்பிலிருந்த திருகில் அடையாளம் போட்டுக்கொண்டு, பெட்ரோல் குறையும்படி அதைத் திருப்பினார். நின்ற இடத்தில் புகை அடங்கியது. குற்றாலம் வரை ஓட்டிப் போய்வந்தார்கள். வழியெல்லாம் வண்டி திக்கியது, இருமியது. திரும்பி வந்து பிளக்கைப் பார்த்தால் அதே கறுப்பு.

மீரானுக்கும் வேர்த்துவிட்டது. அந்தப் பம்பை அவர் அதுவரை தொட்டதில்லை. ஏதோ தோன்றி ரேடியேட்டர் குழாயில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை.

"என்னவே, குத்தாலம் போயிட்டு வந்த வண்டி, அருவியில குளிச்சிட்டு வந்த மாதிரி குளுந்து கெடக்கு?"

"நம்ம வண்டி எப்பமும் அப்படித்தான் பாய். சூடு காட்டுற ஊசி ஏறவே ஏறாதுல்லா" என்றார் நாறும்பூநாதன். அந்த நேரத்திலும் பெருமை விடவில்லை.

"எதையும் கழட்டினீரா?"

"இல்லியே."

பொய். என் கடையிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. நம் பக்கத்து டிரைவர் எவனும் மலையேறுகிற வண்டியில் தெர்மாஸ்டாட்டை விட்டுவைக்க மாட்டான். என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற சின்ன வால்வு அது. கொதிக்கிற மேட்டில் தடுப்பு எதற்கு என்று முதல் வேலையாகக் கழற்றிவிடுவார்கள். பழைய வண்டிகளுக்கு அது பாதகமில்லை.

மீரான் பம்பின் ஓரத்தில் தண்ணீர்க்குழாய் வந்து சேருகிற இடத்தைக் காட்டினார். "இதுல வென்னி பட்டாத்தான் பம்பு பெட்ரோலைக் குறைக்கும். இந்தச் சாரக் குளிருல தண்ணி சுடலேன்னா, என்ஜின் இப்பந்தான் முழிச்சிருக்குன்னு நெனச்சு ஊத்திக்கிட்டே இருக்கும். வால்வு எங்கவே?"

நாறும்பூநாதன் தோள் துண்டால் பானெட்டைத் துடைக்க ஆரம்பித்தார். கழற்றினேன் என்றால் சொல்பேச்சு கேட்காதவன், வேலை போகும். இல்லை என்றால் திருடன், அப்போதும் வேலை போகும். பாவம், எந்தப் பக்கம் திரும்புவார்?

அதற்குள் முதலாளியே வந்து நின்றார். "என்ன மீரான், கோளாறு உண்டுமா?"

"உண்டு மொதலாளி. ஒரு சாமானைக் காணோம்."

"அதையும் வித்துட்டானா!"

நாறும்பூநாதன் விறுவிறுவென்று போய் டிக்கியைத் திறந்தார். எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்த வால்வை எடுத்து வந்து முதலாளி முன்னால் நீட்டினார்.

"விக்கல மொதலாளி. நாந்தான் கழட்டினேன். மேட்டுல கொதிச்சு நடுவழியில நின்னா ஒங்களுக்குச் சங்கடம்னு கழட்டினேன். என்னய நிப்பாட்டிக்கிடுங்க. களவாணின்னு மட்டும் சொல்லாதீங்க."

முதலாளி வால்வையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாட்டிப் பாரு" என்று மீரானிடம் சொன்னார்.

மீரான் வால்வை மாட்டினார். திருகைப் பழைய அடையாளத்துக்கே கொண்டுவந்தார். முதலாளி ஏறிக்கொள்ள, புளியறை போய் வந்தார்கள். போகும்போது ஊசி மெல்ல மேலே ஏறியதாம். ஆயுசு முழுக்க அந்த ஊசி ஏறாமலிருக்கப் பாடுபட்ட மனிதர், அது ஏறாமல் போய்விடுமோ என்று நடுங்கிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். ஊசி பாதியில் போய் நின்றதும் அழுதுவிட்டார் என்று மீரான் என்னிடம் சொன்னார். திரும்பி வந்தபோது புகை இல்லை. பிளக்குகள் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தன; பெட்ரோல் சரியாக எரிந்தால் அதுதான் நிறம்.

முதலாளி இடுப்புச் சாவியை எடுத்துத் தானே பூட்டைத் திறந்தார். "இனி கேக்காம எதையும் கழட்டாத. காலையில வா" என்றார். திருட்டுப் பழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் சோடா கேட்டபோது கேஸ் போனதாகப் பார்த்துக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் நாறும்பூநாதன் குரல் கணீரென்று கேட்டது. பம்பு, வால்வு, வென்னி, செங்கல் நிறம் எல்லாவற்றையும் பிச்சம்மாளுக்கு ஒன்றுவிடாமல் சொன்னார். பூட்டு திறந்ததை இரண்டு தடவை சொன்னார். அவள் ஊம் கொட்டக்கூட இல்லை. கடைசியில்தான் கேட்டாள்.

"அப்போ நெசமாவே நீங்க எடுக்கலியா?"

சுவருக்கு அந்தப் பக்கம் தட்டை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

பிறகு, "சோத்தைப் போடு" என்றார்.