மச்சான் பேரில் போட்ட கரும்பு

என் மாமனார் கந்தசாமி போன ஐப்பசியில் காலமானார். வாய்க்காலில் தண்ணீரைத் திருப்பிவிட்டுக் கரையேறியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். வயது அறுபத்தொன்று. கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கோமுகி அணைத் தண்ணீர் பாயும் இரண்டு ஏக்கர் கரும்புதான் அவருக்கிருந்த நிலம். தனக்கு எவ்வளவு கடன் இருக்கிறது என்பது வெளியே தெரியாமல் இருக்க அவர் ஒரு நல்ல வழி வைத்திருந்தார். அதைத் தானே தெரிந்துகொள்ளாமல் இருந்தார்.

யாராவது கேட்டால், "எல்லாம் ஒரு கரும்பு வெட்டு" என்பார். ஒரு வெட்டுக்கான பணம் ஆலையிலிருந்து வந்தால் அத்தனையும் அடைந்துவிடும் என்று பொருள். எனக்குத் தெரிந்து பதினோரு வெட்டு நடந்தது. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கடன் சரியாக ஒரு வெட்டு அளவுக்கே இருந்தது.

கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் மாதங்களில் அவரைப் பிடிக்க முடியாது. உரக்கடை மாயவனின் வண்டிச் சத்தம் கேட்டதும் சோகை, அதாவது கரும்பின் காய்ந்த இலை, உரிக்கப் போகிறவர் போல உள்ளே நுழைந்துவிடுவார். மாயவன் வரப்பில் நின்று கூப்பிடுவார். கரும்பு அசையும், பதில் வராது. வெட்டு முடிந்து வயல் மொட்டையாகக் கிடக்கும் நாட்களில்தான் சிரமம். அப்போது கல்வராயன் மலையிலிருக்கும் சிநேகிதர் வேடியப்பன் வீட்டுக்குப் போய்விடுவார். "அவரு மலைக்குப் போயிருக்காருங்க" என்பார் மாமியார் லட்சுமியம்மாள். மலையில் இவ்வளவு வேலையுள்ள மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, வனத்துறைக்காரர்களையும் சேர்த்து.

மகளிர் குழுவில் கறவை மாட்டுக்கென்று மாமியார் பேரில் ஒரு கடன் இருந்தது. பணம் மோட்டார் ரிப்பேருக்குப் போனது. மாட்டைப் பார்க்க ஆள் வந்த அன்று பக்கத்து வீட்டு ரங்கம்மாளின் மாட்டைப் பிடித்துவந்து கட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தெருவில் வேறு இரண்டு வீடுகளும் அதே மாட்டைக் காட்டித்தான் கடன் வாங்கியிருந்தன. அந்தக் குழுவிலேயே தவணை தவறாமல் கொடுத்தது அந்த மாடு மட்டும்தான்.

இதெல்லாம் அவர் பாடு என்று விட்டுவிடலாம். ஒன்றை மட்டும் அப்படி விட முடியாது. என் மனைவி மணிமொழிக்குக் கல்யாணத்தில் போட்ட நான்கு பவுன் ஆரத்தையும் மூன்று பவுன் நெக்லஸையும், "மூணே மாசம்மா" என்று வாங்கிப் போய்க் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் அடகு நிறுவனத்தில் வைத்திருந்தார். நான்கு வருடம் ஆகியிருந்தது. நகை லாக்கரில் இருப்பதாக மணிமொழி என்னிடம் சொல்லியிருந்தாள். எங்களுக்கு எந்த வங்கியிலும் லாக்கர் கிடையாது. நானும் கேட்கவில்லை. விசேஷங்களுக்கு அவள் கவரிங் போட்டுக்கொண்டு வருவாள். நன்றாக இருக்கிறது என்று சொல்வேன்.

போன வருடம் தை மாதம் அடகு நிறுவனத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. வட்டியோடு இரண்டு லட்சத்து இருபதாயிரம் கட்ட வேண்டும், தவறினால் பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி நகை ஏலம். மாமனார் பதறவில்லை. அந்த முறை அவர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

கரும்பு நட்டதும் ஆலையில் பதிய வேண்டும். யார் பேரில் பதிகிறோமோ அவருடைய வங்கிக் கணக்குக்குத்தான் பணம் வரும். தன் பேரில் பதிந்தால் பழைய பயிர்க்கடனுக்கு வங்கி பிடித்துக்கொள்ளும் என்று, அந்த வருடக் கரும்பை மனைவியின் தம்பி பச்சமுத்து பேரில் பதிந்திருந்தார். பச்சமுத்து ஒரு வார்த்தை கூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டானாம். மச்சானின் பெருந்தன்மையை மாமனார் ஒரு வருடம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெட்டு முடிந்தது. பிப்ரவரி பதினான்காம் தேதி பச்சமுத்து கணக்கில் இரண்டு லட்சத்து நாற்பத்தோராயிரம் விழுந்தது. அன்றிலிருந்து பச்சமுத்துவைக் காணவில்லை. போன் அணைந்திருந்தது. மாமனார் தேடிக் கிளம்பினார். ஒளிவதில் அத்தனை வருட அனுபவம் உள்ளவருக்குத் தேடுவது பெரிய வேலையில்லை. மூன்றாம் நாள் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு டீக்கடையின் உள்பெஞ்சில் பிடித்துவிட்டார். தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத பெஞ்ச் அது. அவரே வழக்கமாக உட்காருவது.

அங்கே நடந்ததைப் பச்சமுத்துவே பிறகு எனக்குச் சொன்னான்.

"இன்னா மச்சான், இங்க குந்திகினு இருக்க? பணம் இன்னா ஆச்சி?"

"பேங்குல புடிச்சிக்கினாங்க மாமா."

"எதுக்குப் புடிச்சான்?"

"என் கடனுக்கு."

"உனக்கு ஏதுடா கடன்?"

"அஞ்சு வருசமா இருக்குது மாமா. என் கரும்பையே நானு கொழுந்தியா பேர்லதான் போட்டுக்கினு இருக்கேன்."



"அட பாவி, உம்பேர்ல போடறேன்னு வந்து கேட்டனே. அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"எப்பிடி மாமா சொல்றது? என்ன பெரிய மனுசன்னு நெனச்சி வந்து கேட்டீங்க. நானும் கடங்காரன்தான்னு சொன்னா, எங்கக்கா முன்னால எப்பிடி நிப்பேன்?"

மாமனார் கையை ஓங்கினார், ஆனால் அடிக்கவில்லை. பச்சமுத்துவின் இடத்தில் இருந்திருந்தால் தானும் அதே கையெழுத்தைத்தான் போட்டிருப்பார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னார்.

"இன்னும் பதினோரு நாள்தான்டா இருக்குது. எம்பொண்ணு நக."

"கோர்ட்டாண்ட காசு வாங்காம யோசனை சொல்ற வக்கீலுங்க இருக்காங்க மாமா. நானு ரெண்டு தபா போயிருக்கேன்."

"இன்னா சொன்னாங்க?"

"கோர்ட்டு கேட்டு வரைக்கும்தான் போனேன்."

இருவரும் சேர்ந்து கேட்டைத் தாண்டினார்கள். உள்ளே இலவச சட்ட உதவிக்கு உட்கார்ந்திருந்தவர் இசைவாணி என்ற வக்கீல், முப்பது வயதிருக்கும். மாமனார் நகைக் கதையைச் சொன்னார். அந்த அம்மா ஒரு வெள்ளைத்தாளில் அதை எழுதிவிட்டு, "வேற?" என்றார்.

"அவ்ளோதாங்க."

"பயிர்க்கடன், மாமா" என்றான் பச்சமுத்து.

"அது பேங்குல இருக்குது, அது எங்கியும் போவாதுங்க."

மூன்று லட்சத்து நாற்பதாயிரம் என்று எழுதிக்கொண்டார். "வேற?"

ஒவ்வொரு 'வேற'வுக்கும் மாமனார் கூரையைப் பார்த்தார். பச்சமுத்து தன் கடன் எதையும் சொல்லாமல், அவர் கடனை ஒன்றுவிடாமல் எடுத்துக் கொடுத்தான். உரக்கடை எண்பத்தைந்தாயிரம். குழுக் கடன் அறுபது. கைமாற்றாக நான்கு பேரிடம் ஒரு லட்சத்து முப்பது. வெட்டுக்கூலி பாக்கி இருபத்தைந்து. கடைசியில் மாமனாரே சொன்னது, வேடியப்பனிடம் ஐம்பது.

"வேடியப்பன்னா மலையில இருக்கறவரா? அங்கியுமா வச்சிருக்கீங்க?" என்றான் பச்சமுத்து. அது அவனுக்கே புதிது.

"போம்போதெல்லாம் வெறுங்கையோட திரும்ப முடியுமாடா?"

மொத்தம் ஒன்பது லட்சத்துப் பத்தாயிரம். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தொகை மாறவில்லை.

"ஒரு கரும்பு வெட்டுதாங்க" என்றார், பழக்கத்தில்.

"ஒரு வெட்டுக்கு எவ்வளவு வரும்?"

சொன்னார். அந்த அம்மா வகுத்துப் பார்த்தார். "நாலு வெட்டு வேணும். அதுவும் நாலு வருசம் நீங்களும் உங்க வீட்டம்மாவும் சாப்பிடாம இருந்தா." பிறகு தாளைத் திருப்பி, "உங்களுக்கு வரவேண்டியது ஏதாவது இருக்கா?" என்றார்.

மாமனார் பக்கத்திலிருந்த மச்சானைப் பார்த்தார். பச்சமுத்து கூரையைப் பார்த்தான்.

"மச்சான எப்பிடிங்க கேக்கறது?"

அந்த அம்மா அதையும் எழுதிக்கொண்டார். வங்கிக் கடனை மக்கள் நீதிமன்றத்தில் வைத்துத் தவணை கேட்கலாம் என்றார். பிறகு அப்படியே நடந்தது. உரக்கடைக்கும் மற்றவர்களுக்கும் ஒளியாமல் நேரில் போய்த் தேதி சொல்லச் சொன்னார். நகைக்குத்தான் நாள் இல்லை. "ஏழு பவுன் இன்னிக்கு நாலு லட்சத்துக்கு மேல போகும். கடன் ரெண்டு இருபது. ஏலத்துக்கு விட்டா ரெண்டு நகையும் போயிடும். ஆரத்தை நீங்களே வித்துக் கடனை அடைச்சா நெக்லஸ் மிஞ்சும். நகை யாருது?"

"எம்பொண்ணுதுங்க."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"அடகுல இருக்கறது தெரியும். ஏலம் தெரியாது. மாப்ளைக்கு ஒண்ணுமே தெரியாது."

"அவங்க ரெண்டு பேர்கிட்டயும் மொத்தத் தொகையையும் சொல்லிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

மாமனார் மலைக்குப் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்தார். எப்போதும் வெல்லமோ சாமையோ பையில் இருக்கும். அன்று தாள் மட்டும் இருந்தது. நான் உள்ளறையில் இருந்தேன். அவர் மகளிடம் முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டுவது கேட்டது.

"இன்னாம்மா பேசமாட்டேன்ற?"

"இன்னா பேசறது? மூணு மாசம்னு சொல்லிட்டு வாங்கிக்கினு போன. எந்த ஊரு காலண்டர்ப்பா நீ வச்சிக்கினு இருக்க?"

"மாப்ளையக் கூப்புடு. அவருக்கும் சொல்லிடறேன்."

"அவருக்கு எதுக்குப்பா? லாக்கர்ல இருக்குதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"ஏலம் போயிட்டா இன்னா சொல்லுவ? லாக்கரு காணாமப் போச்சின்னா?"

நானே வெளியே வந்தேன். மாமனார் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தாளை மறுபடி மேலேயிருந்து படித்தார். நகை வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

"தெரியும் மாமா" என்றேன்.

"எப்பலர்ந்து?"

"மொத வருசம் தீபாவளியிலேருந்தே."

மணிமொழி என் பக்கம் திரும்பினாள். "அப்பறம் எதுக்குக் கவரிங்கப் பாத்து நல்லாருக்குதுன்னு சொன்னீங்க?"

"நல்லாத்தான் இருந்தது."

"நாலு வருசமா உங்க தல தெரிஞ்சாவே எங்க ஒளியறதுன்னு பாப்பேன் மாப்ள" என்றார் மாமனார். "நீங்க பாட்டுக்குத் தெரிஞ்சிக்கினே டீ குடிச்சிக்கினு இருந்தீங்களா? ஒரு வார்த்த கேக்கறதுக்கு இன்னா?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன் மாமா."

"நல்லா இருந்தீங்க, போங்க" என்று அப்போதுதான் உட்கார்ந்தார்.

கேட்டிருக்கலாம். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பச்சமுத்து போட்ட கையெழுத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக இப்போது தோன்றவில்லை.

மணிமொழி சமையலறைக்குள் போனாள். பாத்திரங்கள் சத்தமாக இடம் மாறின. டீயோடு வந்தாள்.

"வக்கீலம்மா விக்கச் சொன்னது அந்த மாங்கா வச்ச ஆரத்தையா?"

"ஆமாம்மா."

"வித்துடு."

அடகிலிருக்கும் நகையை மீட்டு வாங்கிக்கொள்ளும் கடைக்காரர் ஒருவரை இசைவாணி சொன்னார். ஏலத்துக்கு இரண்டு நாள் முன்னதாக எல்லோரும் அடகு நிறுவனத்துக்குப் போனோம். கடைக்காரர் பணத்தைக் கட்டினார். ஆரத்தை எடை போட்டு, ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு, உறையில் போட்டுக்கொண்டார். மணிமொழி அந்தப் பக்கம் பார்க்காமல் நெக்லஸின் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடன் போக மீதி பதினெட்டாயிரத்தைக் கடைக்காரர் மாமனாரிடம் நீட்டினார்.

வெளியே வந்ததும் பச்சமுத்து அருகில் வந்தான். "மாமா, ஒரு அஞ்சாயிரம் இருந்தா..."

மாமனாரின் கை பணத்தோடு பாதி தூரம் போய்விட்டது. மணிமொழி அதை அப்படியே வாங்கி எண்ணிப் பையில் வைத்தாள்.

"இது என் ஆரம் மாமா" என்றாள் பச்சமுத்துவிடம்.

பச்சமுத்து வேறு வேலை இருப்பதாகச் சொல்லிப் போனான். மாமனார் சட்டைப் பையைத் தடவினார், வேட்டி மடிப்பைத் தடவினார். ஊருக்குத் திரும்பப் பஸ்ஸுக்குச் சில்லறை இல்லை. மணிமொழி ஒரு இருபது ரூபாயை எடுத்துக் கொடுத்தாள்.

"இத்தத் திருப்பிக் குடுக்கணுமாம்மா?"

"பின்ன?"

தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். "எழுதுங்க மாப்ள."

நகைக் கடனை அடித்தேன். கீழே மணிமொழி, இருபது ரூபாய் என்று எழுதினேன். மொத்தம் ஆறு லட்சத்துத் தொண்ணூறாயிரத்து இருபது. அவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கச்சிராயபாளையம் பஸ் வந்தது. ஏறி, தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற முன்சீட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார்.