ஒரு முறம் தவிடு

காலை வெயில் ஏறுவதற்குள் தறிக்கான அரக்கு நிறப் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்குப் பாவாக இழுத்துக் கட்டிவிட்டார்கள். சைக்கிளில் வருகிறவர்கள் முணுமுணுக்காமல் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். எரிச்சலோடு நிற்பது நான் மட்டும்தான்.

வம்சாவளி எழுதப் பம்பாயிலிருந்து காஞ்சிபுரம் வந்தவன் நான். நேற்று பிறப்புப் பதிவேட்டில் அப்பாவின் பெயர் கிடைத்தது. தகப்பனார் என்ற இடத்தில் தாத்தா இல்லை. அவருடைய பக்கத்து வீட்டு நெசவாளர் ஏகாம்பரத்தின் பெயர் இருக்கிறது. அப்பா யார் பிள்ளை என்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

ஏகாம்பரத்தின் மகளுக்கு ஐம்பது வயதிருக்கும். பாவில் அறுந்த இழையை முடிந்துகொண்டே நான் சொல்வதைக் கேட்கிறார். கேட்டதும் சிரிப்பு அவருக்கு அடங்கவில்லை.

“உங்கப்பாவுக்கு முன்னாடி பொறந்தது எதுவும் தங்கலப்பா. வேற வூட்டுப் புள்ளையாயிட்டா இதாவது பொழைக்கும்னு எங்கப்பா ஒரு முறம் தவிடு குடுத்து வாங்கிக்கினாரு. வாங்கின புள்ளைய எழுதறப்போ தன் பேரைத்தானே சொல்லுவாரு?”

“அப்போ என் தாத்தா?”

“பெத்ததும் வளத்ததும் அவருதான். ஆனா தவிட்டைத் திருப்பிக் குடுத்துப் புள்ளைய மீட்டுக்கணும், அதான் முறை. அதை மறந்தே போயிட்டாரு.” இழையை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கிறார். “உங்கப்பா இன்னும் எங்க வூட்டுப் புள்ளதான். கடையில தவிடு கெடைக்குது. வாங்கியாந்து மீட்டுக்கினு போறியா?”

தோளிலிருந்த பையை அவர் வீட்டு வாசலில் இறக்கி வைக்கிறேன்.

“வேணாம் அத்தை,” என்கிறேன்.